சராசரிக்கு முன் ஒரு படம்

1931, 1932 ஆகிய இரண்டு ஆண்டுகளில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் பத்து பார்லி ரகங்களை ஆறு இடங்களில் பயிரிட்டு விளைச்சலை அளந்தார்கள். இம்மர், ஹேய்ஸ், பவர்ஸ் ஆகியோர் 1934-இல் வெளியிட்ட அந்தச் சோதனையின் முடிவுகள் 120 எண்களில் அடங்கும். ரகம், இடம், ஆண்டு என்று காரணிகள் மூன்று. மூன்றுமே வகைகளாகப் பிரிந்து நிற்பவை. ஆண்டை மட்டும் வைத்துச் சராசரி எடுத்தால், 1931-இல் ஏக்கருக்கு 37.1 புஷல், 1932-இல் 31.8 புஷல். விளைச்சல் ஐந்து புஷல் குறைந்தது என்று எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடலாம். கணக்கில் பிழை எதுவும் இல்லை. ஆனால் இடவாரியாகப் பார்த்தால் வேறு கதை. ஐந்து இடங்களில் விளைச்சல் சராசரியாக ஒன்பது புஷல் சரிந்திருக்கிறது. மோரிஸ் என்ற ஆறாவது இடத்தில் மட்டும் 29.3-லிருந்து 41.5-க்கு ஏறியிருக்கிறது. அந்த ஐந்து புஷல் என்பது, ஐந்து இடங்களின் சரிவும் ஒரே இடத்தில் நேர்ந்த, அதைவிடப் பெரிய ஓர் ஏற்றமும் ஒன்றையொன்று தின்றது போக மிஞ்சிய எண். பல காரணிகள் கொண்ட தரவில் எதையும் சராசரியாக்கும் முன்பு, எல்லாக் காரணிகளும் ஒருசேரத் தெரியும்படி ஒரு படம் வரைந்து பார்த்தே ஆகவேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவே முதல் சான்று.

ஒரு காரணியைச் சராசரிக்குள் கரைக்கும்போது நாம் ஓர் அனுமானத்தையும் சேர்த்தே செய்கிறோம்: அந்தக் காரணி எந்த நிலையில் இருந்தாலும் மற்றவற்றின் விளைவு ஏறக்குறைய ஒன்றுபோல்தான் இருக்கும் என்று. இதைப் பெரும்பாலும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அதனால் சரிபார்ப்பதும் இல்லை. ஒரு நேரத்தில் ஒரு காரணியை மட்டும் மாற்றிப் பார்க்கும் பழக்கத்தை எதிர்த்து, பல காரணிகளை ஒரே சோதனையில் கோத்து நடத்தலாம் என்று புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷர் 1926-இலேயே வாதாடினார். ஒன்றின் விளைவு மற்றொன்றைப் பொறுத்து மாறுவதை, அதாவது இடைவினையை, அப்படி நடத்தினால்தான் பிடிக்க முடியும். அவ்வளவு நிலமும் உழைப்பும் பணமும் செலவிட்டுப் பெற்ற அறிவைக் கடைசியில் காரணிக்கொரு சராசரியாகச் சுருக்கிவிட்டால், சோதனையை அந்த வடிவில் நடத்தியதற்கே பொருள் இல்லாமல் போகிறது.

சராசரி மறைப்பது எப்போதும் மோரிஸ் போன்ற தலைகீழ் மாற்றமாக இருக்காது. கினி எலிகளின் பற்களில் வைட்டமின் சி-யின் விளைவை அளந்த ஒரு பழைய சோதனையின் தரவு புள்ளியியல் வகுப்புகளில் இன்றும் புழங்குகிறது. அறுபது எலிகள், ஆரஞ்சுச் சாறு, அஸ்கார்பிக் அமிலம் என்று வைட்டமினைக் கொடுக்கும் வழிகள் இரண்டு, 0.5, 1, 2 மில்லிகிராம் என்று அளவுகள் மூன்று. பல் வளர்ச்சியின் அளவு மொத்தச் சராசரியில் சாற்றுக்கு 20.7, அமிலத்துக்கு 17.0; சாறே மேல் என்று தோன்றும். அளவுவாரியாகப் பிரித்தால், 0.5 மில்லிகிராமில் 13.2-க்கு எதிராக 8.0 என்று பெரிய இடைவெளி. 2 மில்லிகிராமில் இரண்டுமே 26.1. சாறு மேல் என்ற முடிவு குறைந்த அளவுகளுக்குத்தான் பொருந்துகிறது. எந்த அளவுக்கு என்று சேர்த்துச் சொல்லாவிட்டால் அது அரைகுறை உண்மை.

படம் வரைந்தால் போதும் என்றும் நான் சொல்லவில்லை; எப்படி வரைகிறோம் என்பதில்தான் சிந்தனை இருக்கிறது. பார்லித் தரவைப் பல பத்தாண்டுகளாகப் புள்ளியியலாளர்கள் பலர் அலசியிருந்தார்கள். ஆனால் மோரிஸின் விசித்திரத்தைப் பளிச்சென்று காட்டியது வில்லியம் கிளீவ்லாண்ட் 1993-இல் வெளியிட்ட புத்தகத்தில் இருந்த ஒரு படம். இடத்துக்கு ஒரு கட்டம். கட்டத்துக்குள் ரகத்துக்கு ஒரு வரி. அந்த வரியிலேயே இரண்டு ஆண்டுகளுக்கும் இரண்டு குறிகள். எந்த இரண்டை ஒப்பிட வேண்டுமோ அவை ஒரே அளவுகோலில் அருகருகே நின்றதால், மற்றக் கட்டங்களில் பெரும்பாலும் 1931-இன் குறி வலப்பக்கம் இருக்க, மோரிஸில் பத்து ரகங்களுக்கும் அது இடப்பக்கம் இருப்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. அதே எண்களை ஆண்டுக்கு ஒரு கட்டமாகப் பிரித்து, இடங்களுக்கு ஆறு நிறம் கொடுத்திருந்தால் கண் குழம்பியிருக்கும். ரகங்களையும் இடங்களையும் அகரவரிசையில் அடுக்காமல் விளைச்சலின்படி அடுக்கியதும் முக்கியம். மென்பொருள் தானாகத் தரும் அகரவரிசைக்கும் வயலுக்கும் எந்த உறவும் இல்லை.

இதற்கெல்லாம் மாறுபாட்டுப் பகுப்பாய்வு இருக்கிறதே, இடைவினை உண்டா இல்லையா என்று அதன் அட்டவணையே சொல்லிவிடுமே என்று கேட்கலாம். உண்டு என்பதைச் சொல்லும். எங்கே, எந்தத் திசையில் என்று சொல்லாது. ஓர் இடத்தில் வித்தியாசம் பெரிது, மற்றோர் இடத்தில் சிறிது என்பதும் இடைவினைதான். ஓரிடத்தில் வரிசையே புரண்டுபோவதும் இடைவினைதான். முதல் வகை, எண்களை மடக்கை அளவுக்கு மாற்றினாலே சில சமயம் மறைந்துவிடும். இரண்டாம் வகையை, ஏறுவரிசை குலையாத எந்த அளவுமாற்றமும் போக்காது. முன்னது அளவுகோலைப் பற்றிய செய்தி, பின்னது வயலைப் பற்றிய செய்தி. அட்டவணையில் இரண்டும் ஒரே வரியில் வந்து நிற்கும். படத்தில் கோடுகள் விலகுகின்றனவா, குறுக்கே வெட்டுகின்றனவா என்று கண்ணுக்கே தெரியும்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கண் எளிதில் ஏமாறும். தற்செயல் சிதறலிலும் அது ஒழுங்கைக் கண்டுவிடும். 120 புள்ளிகளை உற்றுப் பார்த்தால் ஏதாவது ஒரு கதை கிடைக்காமல் போகாது. இந்த எச்சரிக்கையை நான் முழுமையாக ஏற்கிறேன், பார்லியின் கதையே அதற்குச் சாட்சி. மோரிஸில் இரண்டு ஆண்டுகளின் எண்களும் இடம் மாறிப் பதிவாகியிருக்க வேண்டும் என்று கிளீவ்லாண்ட் கருதினார். அது நெடுநாள் பாடமாகவே சொல்லப்பட்டது. 2013-இல் கெவின் ரைட் என்ற புள்ளியியலாளர் வேறு ஆண்டுகளின் விளைச்சல் பதிவுகளையும் வானிலைத் தகவல்களையும் சேர்த்து ஆராய்ந்து, அந்த ஏற்றம் இயல்பான ஏற்ற இறக்கமாகவே இருக்கலாம் என்று காட்டினார். படம் எழுப்பிய ஐயத்தைத் தீர்க்கப் படத்துக்கு வெளியே இருந்த சான்று தேவைப்பட்டது. இதனால் படத்தின் மதிப்பு குறைந்துவிடவில்லை. அது இல்லாவிட்டால் பழைய பதிவுகளைத் தேடிப் போகும் காரணமே யாருக்கும் இருந்திருக்காது. ஆகவே ஆய்வாளர் செய்ய வேண்டியவை இரண்டு: சோதனைக்கு முன்பே எழுப்பிய கேள்வி எது, படத்தைப் பார்த்தபின் முளைத்தது எது என்று பிரித்து எழுதுவது; பின்னதைப் புதிய தரவால் சோதிப்பது. பார்க்காமல் இருப்பது இதற்கு மாற்று ஆகாது.

காரணிகள் ஐந்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலை என்றால் 243 கூட்டுகள் வரும், அத்தனையையும் ஒரு தாளில் வரைவது எப்படி என்றும் கேட்பார்கள். ஒரே படத்தில் அடங்காதுதான். கட்டத்துக்கு எந்தக் காரணி, குறிக்கு எந்தக் காரணி என்று மாற்றி மாற்றிப் பல படங்கள் வரைய வேண்டும். எந்தக் காரணியின் நிலைகள் மாறினாலும் கட்டங்கள் ஒன்றுபோலவே இருக்கின்றனவோ அதைச் சராசரிக்குள் விட்டுவிடலாம். அதற்கான உரிமையை அப்போது நாம் சம்பாதித்திருப்போம். இது வெறும் அழகியல் அக்கறை அன்று. மினசோட்டா சோதனையின் நோக்கமே எந்த ரகம் எந்த இடத்துக்குப் பொருந்தும் என்று அறிவதுதான். மோரிஸில் விதைக்கும் உழவருக்கு மாநிலச் சராசரி எந்த வழியும் காட்டாது. அவருக்குத் தேவையான விடை அந்த 120 எண்களுக்குள் இருக்கிறது, நாம் அதை மறைக்காமல் இருந்தால்.