ஒயர்தான் ஒல்லி

மல்டிமீட்டர் பொய் சொல்லாது என்பார்கள். வாஸ்தவம்தான். ஆனால், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுக் கம்மென்று இருந்துவிடும், கோர்ட்டுக்குப் போய்ப் பழகிய சாட்சி மாதிரி. பி.காம். படித்த எனக்கு இந்த ஞானம் வந்தது அக்கா மகன் செய்த ஒரு விளையாட்டுப் பெட்டியால்.

தொண்ணூறுகளில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு ‘டிவி கேம்’ ஞாபகம் இருக்கும். ஜப்பானின் நின்டெண்டோ கம்பெனி 1983-ல் வெளியிட்ட ‘ஃபேமிகாம்’தான் அதன் மூலம். நம் தெருக்களுக்கு வந்தவை பெரும்பாலும் அதன் காப்பிகள். மரியோ குதித்ததும், காண்ட்ராவில் சட்டையில்லாத ஆசாமிகள் சுட்டுக்கொண்டே ஓடியதும் அதில்தான். ஒரிஜினல் மெஷினில் வேலை பார்க்க இருந்த மெமரி வெறும் 2 கிலோபைட். இன்று காலை உங்கள் வாட்ஸ்அப்புக்கு வந்த குட்மார்னிங் ரோஜாப்பூ அதைவிடப் பல மடங்கு கனம்.

இந்த மாதிரிப் பழைய பெட்டிகளைப் பிரித்து, போர்டை மட்டும் எடுத்து, சின்ன ஸ்கிரீனும் பேட்டரியும் சேர்த்துக் கையடக்கமாக மாற்றுவதற்கு உலகம் முழுக்க ஒரு பைத்தியக்காரக் கூட்டம் உண்டு. முன்னோடிகளில் ஒருவர் அமெரிக்காவின் விஸ்கான்சினைச் சேர்ந்த பென் ஹெக்கண்டார்ன். 1977-ல் வந்த அட்டாரி 2600-ஐ 2000-ல் கையடக்கமாக்கிப் பெயர் வாங்கியவர். இந்த வித்தையைப் பற்றி 2005-ல் ஒரு புத்தகமே போட்டார்.

அக்கா மகன் அந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டான். அம்பத்தூரில் வீடு. இன்ஜினீயரிங் இரண்டாம் வருடம், எலெக்ட்ரிக்கல். அத்தான் 1996-ல் போனஸ் பணத்தில் வாங்கிய டிவி கேம் பரணில் தூங்கிக்கொண்டிருந்தது. அதை இறக்கி, அறுத்து, ரிச்சி தெருவில் வாங்கிய கார் ரிவர்ஸ் கேமரா ஸ்கிரீனைப் பொருத்தி, பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து இரண்டு செல்களைச் சேர்த்து, கைக்கு அடக்கமாக ஒரு பெட்டி செய்துவிட்டான்.

பெட்டி வேலை செய்தது. ஒன்றேகால் மணி நேரம். பிறகு படம் உருளும், கோடு கோடாக வரும், மரியோ பாதிக் குதியில் நின்றுவிடுவார்.

அக்கா போன் பண்ணியது இதற்காக இல்லை. பையனுக்கு மூன்று அரியர். “நீ வந்து நாலு வார்த்தை சொல்லுடா. நீ சொன்னா கேப்பான்” என்றாள். போனால், அத்தான் ஏற்கெனவே தீர்ப்பு எழுதி வைத்திருந்தார். போன் பறிமுதல். பாக்கெட் மணி பாதி. சாயங்கால கிரிக்கெட் ரத்து. பெட்டி ஞாயிற்றுக்கிழமை பழைய பேப்பர்காரருக்கு.

“வீட்ல உக்கார வெச்சுக் கேட்டா எல்லாத்தையும் புட்டுப் புட்டு வைக்கிறான் மாப்பிள்ளை. எக்ஸாம் ஹாலுக்குப் போனா பேப்பர் காலி. எல்லாம் இந்தக் கண்றாவியாலதான்” என்றார், பெட்டியைக் காட்டி.

நாலு வார்த்தை சொல்வதற்கு முன் பையன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவனிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. தேதி போட்டு, எந்தக் கோளாறு, எதை மாற்றினான், என்ன ஆயிற்று என்று வரிசையாக எழுதியிருந்தான். நான் பார்த்த பல கம்பெனிகளின் கணக்குப் புத்தகத்தைவிடச் சுத்தம்.

முதல் சந்தேகம் கேஸட். சின்ன வயதில் நாமெல்லாம் வாயால் ஊதி ஊதிச் செருகுவோமே, அது சுத்தப் பிரமையாம். மறுபடி செருகுவதால்தான் சரியாகுமே தவிர, ஊதினால் எச்சில் ஈரம்தான் சேரும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பஞ்சுக் குச்சியும் வைத்துத் துடைத்திருந்தான். கோளாறு போகவில்லை. அடுத்து சூடு. மின்சாரத்தை 5 வோல்ட்டாகக் குறைக்கும் 7805 என்ற மூன்று கால் பூச்சிக்கு அலுமினியத் தகடு கட்டினான். போகவில்லை. அடுத்து ஸ்கிரீனுக்குப் போகும் ஒயரை மாற்றினான். போகவில்லை.

“ஒவ்வொண்ணா ஏன்டா? எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்திட வேண்டியதுதானே?” என்றேன்.

“அப்புறம் சரியாச்சுன்னா எதனால சரியாச்சுன்னு எப்படி மாமா தெரியும்?”

நோட்டில் ஒரு வரி இருந்தது: 9 வோல்ட் அடாப்டரில் நாள் முழுக்க ஓடுகிறது, பேட்டரியில் மட்டும் நிற்கிறது. ஆனால் பேட்டரியைக் கழற்றி அளந்தால் 7.5 வோல்ட். இன்னும் பாதி சார்ஜ் மிச்சம். பேட்டரி நிரபராதி. அங்கேதான் மூன்று நாளாக நின்றிருந்தான்.

“விளையாடும்போது அளந்தியா?” என்று கேட்டேன். மின்சாரம் தெரிந்து கேட்கவில்லை. ஆடிட்டிங்கில் ஸ்டாக்கை எண்ணும்போது கடை ஓடிக்கொண்டிருந்ததா, மூடியிருந்ததா என்று கேட்பது பழக்கம்.

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பெட்டியைத் திறந்தபடியே ஓட விட்டான். நான் டார்ச் பிடித்தேன். ஓடும்போது பேட்டரி முனையில் 7.2. அதே மின்சாரம் 7805-இன் வாசலுக்கு வந்து சேரும்போது 6.6. உள்ளே போகிற மின்சாரம், வெளியே வருவதைவிடச் சுமார் 2 வோல்ட்டாவது அதிகமாக இருந்தால்தான் அந்தப் பூச்சி ஒழுங்காக 5 கொடுக்கும். இங்கே 4.6தான் வந்தது, அதுவும் தள்ளாடிக்கொண்டு.

7.2 கிளம்பியது, 6.6 வந்தது. நடுவில் 0.6-ஐக் காணோம். எங்கள் பாஷையில் டிரையல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை. ஒயரின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் மீட்டரை வைத்துத் தேடியதில் திருடன் அகப்பட்டான். பேட்டரியிலிருந்து வர, அறுந்துபோன ஹெட்போனின் தலைமுடி மாதிரி ஒயரைப் போட்டிருந்தான். போதாததற்கு, தேய்ந்துபோன ஸ்விட்ச் ஒன்று. சும்மா இருக்கும்போது அந்த ஒயரில் ஒரு குறையும் தெரியாது. வேலை என்று வந்தால் பாதி வழியிலேயே தின்றுவிடும். அடாப்டருக்குப் பழைய தடித்த ஒயர், அதனால் அங்கே பிரச்னை இல்லை.

தடித்த ஒயர், புது ஸ்விட்ச், 7805-க்குப் பதிலாக, உள்ளே வருவது கூடினாலும் குறைந்தாலும் 5 கொடுக்கும் ஒரு சின்ன கன்வர்ட்டர் போர்டு. அதே பழைய செல்கள், இரண்டே முக்கால் மணி நேரம் ஓடியது. (முயற்சி செய்ய நினைக்கும் பெற்றோருக்கு: லித்தியம் செல்லுக்குப் பாதுகாப்பு சர்க்யூட்டும், அதற்கென்றே உள்ள சார்ஜரும் இல்லாமல் கை வைக்காதீர்கள். தீப்பிடிக்கும்.)

சாப்பிடும்போது அத்தானிடம் ஒன்றுதான் சொன்னேன். “போன், காசு, கிரிக்கெட், பெட்டி... நாலையும் ஒரே நாள்ல புடுங்கிட்டீங்க. நாளைக்கு அவன் பாஸானாலும் எதனால பாஸானான்னு உங்களுக்குத் தெரியாது, ஃபெயிலானாலும் தெரியாது.”

அத்தான் பேசவில்லை. ரசம் ஊற்றிக்கொண்டார். பிறகு பையனைப் பார்த்து, முதல் தடவையாகக் கோபமில்லாமல் கேட்டார்: “எக்ஸாம் ஹால்ல என்னடா ஆகுது?”

பையன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “பதில் தெரியும்ப்பா. இங்கிலீஷ்ல வாக்கியம் சேர்க்கறதுக்குள்ள மூணு மணி நேரம் முடிஞ்சுடுது.”

பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். வீட்டில் கேட்டால் தமிழில் கடகடவென்று சொல்கிறான். அங்கே அதையே இங்கிலீஷ் வழியாகக் கடிகாரத்துக்குள் அனுப்ப வேண்டும். பேட்டரியில் சரக்கு இருக்கிறது, ஒயர்தான் ஒல்லி. இரண்டு வருடமாக அந்த வீட்டில் எல்லாரும் பேட்டரியைக் கழற்றிக் கழற்றி அளந்துகொண்டிருந்தார்கள்.

போன் திரும்பி வந்தது, கிரிக்கெட்டும். ஒன்றே ஒன்றைத்தான் மாற்றினார்கள்: தினம் ராத்திரி ஒரு கேள்விக்கு, கடிகாரம் வைத்து, இங்கிலீஷில் பதில் எழுத வேண்டும். தப்பும் தவறுமாக இருந்தாலும் பரவாயில்லை, முடிக்க வேண்டும். நேரத்தை நோட்டில் குறித்துவைப்பது அத்தானின் பொறுப்பு. அடுத்த செமஸ்டரில் இரண்டு அரியர் போய்விட்டது. ஒன்று பாக்கி. அது மேத்ஸ். அதற்கு வேறு ஒயர் பார்க்க வேண்டும்.

கொசுறு: அந்தப் பெட்டியில் செருகுகிற கேஸட்டின் மேல் ‘9999 இன் 1’ என்று போட்டிருக்கிறது. நானும் அத்தானும் மாறி மாறி எண்ணினோம். சில டஜன்களுக்கு மேல் அதே ஆட்டங்கள்தான் வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வருகின்றன. காமர்ஸில் இதற்கு விண்டோ டிரெஸ்ஸிங் என்று பெயர்.