கரிசல் மண்ணும் அரசாங்கப் பணமும்

மதுரை மாநகரை விட்டுத் தூத்துக்குடி நோக்கிச் செல்லும் நான்கு வழிச் சாலையில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் சென்றால் காரியாபட்டியை அடைகிறோம். இதற்கப்பால் அருப்புக்கோட்டை, திருச்சுழி என விரிந்து கிடப்பது வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகை மழை கைகொடுத்தால் பருத்தி, கம்பு, சோளம், குதிரைவாலி விளையும். பொய்த்தாலோ சீமைக்கருவேலமே மிஞ்சும். அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைப்போரும் இங்கு உண்டு.

2018 ஜனவரியில் மத்திய அரசு ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. அதில் இடம்பெற்ற 112 மாவட்டங்களுள் தமிழகத்தைச் சேர்ந்தவை இரண்டே: இராமநாதபுரம், விருதுநகர். இரண்டும் 1985 வரை ஒரே மாவட்டமாயிருந்தவை.

இத்திட்டம் புதிதாகப் பெருநிதி எதையும் வழங்கவில்லை. ஏற்கெனவே உள்ள திட்டங்களின் பணத்தை ஒருமுகப்படுத்தி, முன்னேற்றத்தை மாதந்தோறும் அளந்து மதிப்பெண் இடுகிறது. நூற்றுக்கு 30 உடல்நலத்திற்கும் ஊட்டச்சத்துக்கும், 30 கல்விக்கும், 20 வேளாண்மைக்கும் நீருக்கும் உரியவை. எஞ்சிய 20 வங்கிச் சேவை, தொழிற்பயிற்சி, அடிப்படை வசதிகளுக்கு. 2018 டிசம்பரில் வெளியான தரவரிசையில் விருதுநகர் நாட்டிலேயே முதலிடம் பெற்றது. மகிழத்தக்க செய்தியே! ஆயினும், அவ்வரிசை காட்டியது முன்னேற்றத்தின் வேகத்தை மட்டுமே; குடும்பத்தின் வருமானத்தை அன்று.

நல்ல சாலை விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு செல்கிறது. அதே சாலை இளைஞரைத் திருப்பூருக்கும் கோவைக்கும் ஏற்றிச் செல்கிறது. உள்ளூரில் வேலை இல்லையெனில், சாலை வெளியேறும் வாசலாகிவிடுகிறது.

இத்தாலி நாடு இதை முன்னரே அனுபவித்தது. வறண்ட தென்பகுதியை உயர்த்த அந்நாட்டரசு 1950-இல் தனி நிதியம் ஒன்றை நிறுவியது; 1984 வரை அது இயங்கிற்று. அணைகளும் சாலைகளும் அமைந்தன, மக்கள் பயன்பெற்றனர். பின்னர் அரசாங்கத்தின் ஊக்கத்தால் அங்கே மாபெரும் ஆலைகள் எழுந்தன. ஆனால், பலவற்றைச் சுற்றி உள்ளூர்ச் சிறுதொழில்கள் தழைக்கவில்லை. மக்கள் அவற்றைப் ‘பாலைவனத்துப் பேராலயங்கள்’ என்றழைத்தனர். கோபுரம் உயர்ந்தது, சுற்றிலும் குடியில்லை!

நமது பகுதிக்கு வேர் நீரே. காவிரி, வைகை, குண்டாறு இணைப்புக் கால்வாய்க்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. 262 கிலோமீட்டர் நீளம், 14,400 கோடி ரூபாய் மதிப்பீடு. அந்நீர் வரும்வரை கைகட்டி நிற்கலாமா? வரத்துக்கால்வாய் தூர்ந்த கண்மாயில் பெய்யும் மழையே தங்குவதில்லையே! கண்மாய் தூர்வாரி, மடையும் கலுங்கும் செப்பனிட்டால், ஊர்க்கிணற்றில் நீர் ஊறும். கிணற்றில் நீர் ஊறினால் ஆடு மாடு நிற்கும், ஆட்களும் நிற்பர்.

ஆகவே, அன்புக்குரிய குடும்பத்தாரே, சுற்றுக் கிராமங்களில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. தவறாது செல்லுங்கள். நம் ஊருக்கு எவ்வளவு வந்தது, எதற்குச் செலவாயிற்று எனப் பணிவோடும் உறுதியோடும் கேளுங்கள். கேட்பாரற்ற பணம் கரிசலில் விழுந்த கோடை மழை போன்றது: வெடிப்புக்குள் மறைந்துவிடும்.