கத்திரியில் ஒரு கோட்டை கேம்ப்!

செமஸ்டர் லீவ் விட்டாச்சு. 'ஊட்டி, கொடைக்கானல்'னு பிளான் போட்ட உங்க கேங், பட்ஜெட்டைப் பார்த்ததும் கப்சிப் ஆகியிருக்குமே? கவலையை விடுங்க. புதுக்கோட்டையில இருந்து காரைக்குடி ரோட்டுல 20 கிலோமீட்டர் போனா திருமயம்! 'மே மாசத்துல பாறை மேலயா?'ன்னு அலறாதீங்க. நேரம் பார்த்துப் போனா, கத்திரியிலயும் சுத்தலாம்.

குன்றின் மேல நிற்கிற கோட்டையை ராமநாதபுரம் சேதுபதி மன்னர் 1687-ல் கட்டினார். சரியா 200 வருஷம் கழிச்சு, 1887-ல் இதே ஊர்ல பிறந்தவர்தான் தீரர் சத்தியமூர்த்தி. சென்னை மேயரா இருந்தப்ப, அந்த ஊர் தாகம் தீர பூண்டி நீர்த்தேக்கத்துக்காகப் பாடுபட்டவர். வறண்ட சீமைக்காரருக்குத் தண்ணியோட அருமை தெரியாதா என்ன!

காலையில கோட்டை திறந்ததுமே ஏறிடுங்க. உச்சியில இருக்கிற பீரங்கிகிட்ட நின்னு போட்டோ எடுத்துட்டு, பாறை சூடாகறதுக்குள்ள இறங்கிடுங்க. அடிவாரத்துல சிவனுக்கும் பெருமாளுக்கும் பாறையைக் குடைஞ்ச கோயில்கள் பக்கத்துப் பக்கத்துல இருக்கு. மதியம் நடை சாத்தறதுக்கு முன்னால பார்த்துடுங்க. லேட்டானா வெளிப்பிராகாரத்துல வெறுங்கால் டான்ஸ்தான்!

உச்சி வெயில்ல சுத்தாதீங்க. நிழல்ல உட்கார்ந்து மோர், இளநீர்னு பொழுதை ஓட்டுங்க.

ராத்திரி கேம்ப்? கோட்டை தொல்லியல் துறை பாதுகாப்புல இருக்கு. அங்கே தங்க முடியாது. பாறை ஓரமா டென்ட் போடவும் வேண்டாம். பகல்ல குடிச்ச சூட்டைப் பாறை ராத்திரிதான் கக்கும். ஃப்ரெண்ட் வீட்டு மொட்டைமாடிதான் பெஸ்ட். சாயங்காலமே தண்ணி தெளிச்சு, பாய் விரிச்சிடுங்க.

மறுநாள் விடிஞ்சதும் புதுக்கோட்டை திரும்பி, அங்கிருந்து சித்தன்னவாசல் போங்க. ஏழடிப்பட்டம் குகையில சமண முனிவர்களோட 17 கல் படுக்கைகள். அந்தக் காலத்து கேம்ப் சைட்!

கடைசியா ஒரு சீரியஸ் மேட்டர். 'தலை சுத்துது'ன்னா கலாய்ப்பாங்கன்னு, கேங்ல ஒருத்தர் வாயை மூடிக்கிட்டே நடப்பார். அவரைக் கவனிங்க. உடம்பு நெருப்பாக் கொதிச்சு, பேச்சு உளறினா அது வெப்பத்தாக்கு, உயிருக்கே ஆபத்து. உடனே 108-க்கு போன் போட்டு, நிழல்ல படுக்க வெச்சு, ஈரத்துணியால உடம்பைக் குளிர வைங்க. மயங்கிட்டா வாயில தண்ணி ஊத்தாதீங்க.

கோட்டை எங்கேயும் ஓடிடாது பாஸ். முடியலைன்னா பாதியிலயே இறங்குங்க. டிசம்பர்ல மீதிப் படி ஏறிக்கலாம்!