கிழக்கு மலைத்தொடரில் - 7: சக்கர தீர்த்தத்துப் பொன் பல்லி

திருப்பதியிலிருந்து திருமலைக்கு ஏறும் சாலையில் ஒரு வளைவில் பாறை இரண்டாகப் பிரிந்து தெரியும். கீழே மிகப் பழைய கிரானைட். மேலே அடுக்கடுக்காகச் செம்மை படிந்த குவார்ட்சைட். நடுவில் எத்தனையோ கோடி ஆண்டுகள் தடமின்றிப் போயிருக்கின்றன. புவியியலாளர்கள் அந்தக் கோட்டைப் பார்க்க வருகிறார்கள். நான் வந்தது மேலடுக்கின் பிளவுகளில் குடியிருக்கும் பொன் பல்லிக்காக.

சிலாதோரணத்தைத் தாண்டிச் சக்கர தீர்த்தத்துக்குப் போனோம். உடன் வந்த வனக் காவலர் சித்தூர்ப் பக்கத்துக்காரர். தமிழ் நன்றாகப் பேசினார். "பாறையில கை வைக்காதீங்க சார். கண்ணு நிழலுக்குப் பழகட்டும், பங்காரு பல்லி தானா தெரியும்."

முதலில் தெரிந்தவை முட்டைகள். பிளவின் கூரையில் வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருந்தன. ஒரு பெண் பல்லி ஈட்டுக்கு இரண்டு முட்டைதான் இடும். இட்டவுடன் மென்மையாக இருக்கும் ஓடு, பாறையைப் பற்றிக்கொண்டு இறுகிவிடுகிறது. பல பெண்கள் ஒரே இடத்தைத் தேடி வருவதால் பொரித்த முட்டைகளின் விளிம்புகள் வட்டங்களாக நிற்க, அவற்றின் பக்கத்திலேயே புதியவை. மழை படாத, வெயில் நேராகச் சுடாத இந்த ஒரு கூரையில் எத்தனை தலைமுறைகள்!

அப்புறம் ஆண் பல்லி வந்தது. தலை முதல் வால்வரை மஞ்சள். இனப்பெருக்கக் காலத்து ஆணுக்குத்தான் அந்தப் பொன்னிறம். பெண்களும் குஞ்சுகளும் பாறையோடு பாறையாகப் பழுப்பு.

சென்னை மாகாண வனத்துறையில் இருந்த ரிச்சர்டு ஹென்றி பெடோம் 1870இல் இந்த இனத்தை விவரித்தார். திருப்பதி மலை அப்போது வட ஆற்காடு ஜில்லாவைச் சேர்ந்தது. பிறகு நூறாண்டுக்கும் மேலாகப் பேச்சே இல்லை. 1986இல்தான் ஜே.சி. டேனியலும் உடன் பணியாற்றியவர்களும் ஆந்திர மலைகளில் இதை மீண்டும் கண்டதாக எழுதினார்கள். இப்போது தமிழ்நாட்டு எல்லைக்குள்ளும் இருப்பது தெரியும். இந்தப் பேரினத்தில் உலகிலேயே இரண்டு இனங்கள்தான். மற்றொன்று கடலுக்கு அப்பால், இலங்கையின் பாறைக் குகைகளில்.

காஞ்சி வரதராஜர் கோயிலில் தங்கப் பல்லியைத் தொட்டு வணங்கும் நம்மவர்கள் பலர் திருமலைக்கும் வருகிறார்கள். உயிருள்ள பொன் பல்லி இங்கே இருப்பதை அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும். சற்றுத் தள்ளி ஒரு பாறையில் பெயின்ட்டால் பெயர்கள் கிறுக்கியிருந்ததைப் பார்த்தபோது எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒட்டிய முட்டையைப் பெயர்த்தால் உடைந்துபோகும். வேறிடத்தில் வைத்துக் காப்பாற்ற வழியே இல்லை.

"அந்தப் பெயின்ட்டைச் சுரண்டி எடுக்கலாமே?" என்றேன்.

"இப்ப வேணாம் சார். பக்கத்துப் பிளவுல முட்டை இருக்கு. பொரிச்சதும் பார்த்துக்கலாம்."

தலகோனா அருவிப் பக்கத்துப் பாறைகளிலும் இவை உண்டு என்றார். அடுத்த வாரம் அங்கே.