வினைமுதல்

தமிழ் கற்பிப்பதே என் தொழில். எனினும் சரித்திர ஆசிரியர் இல்லாத குறையை நிரப்பும் பொருட்டு, உலக சரித்திரத்தில் ஒரு பகுதியையும் சில ஆண்டுகளாக மேல்வகுப்பு மாணவர்க்குக் கற்பித்து வருகிறேன். இலக்கணம் படித்தவன் சரித்திர நூலைக் கையிலெடுத்தால், செய்திக்கு முன்னதாக வாக்கியத்தின் அமைப்பிலேயே அவன் கண் செல்லும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க ஐக்கிய நாடுகள் கண்ட கைத்தொழில் வளர்ச்சியைப் பாட நூல்கள் எப்படிக் கூறுகின்றன? புகையிரதப் பாதைகள் இடப்பட்டன, ஆலைகள் எழுந்தன, நகரங்கள் வளர்ந்தன, குடியேற்றவாசிகள் வந்து குவிந்தனர். வினைகள் நிறைய உண்டு, வினைமுதலைத்தான் காணோம். மனிதர் இடம்பெறும் அந்தக் கடைசி வாக்கியத்திலும் அவர்கள் செய்ததாகச் சொல்லப்படும் வினை, வந்து குவிந்தமை ஒன்றே.

மரம் தானாக வளரும். நகரம் அவ்வாறு வளர்வதன்று. 1850இல் ஏறத்தாழ 30,000 மக்கள் வாழ்ந்த சிக்காகோ, 1871இல் பெருந்தீயால் அழிந்தும், 1890இல் 11 இலட்சம் மக்களின் உறைவிடமாயிற்று. நாடு முழுவதிலும் 1860இல் ஏறத்தாழ 30,000 மைலாக இருந்த புகையிரதப் பாதை, 1900இல் 1,90,000 மைலைத் தாண்டிற்று. 1880இல் 12½ இலட்சம் தொன்னாக இருந்த உருக்கு உற்பத்தி, இருபதே ஆண்டுகளில் ஒரு கோடி தொன்னைக் கடந்தது. இவற்றுக்கு முதலிட்டவர் பெயரை நூல்கள் மறப்பதில்லை. கார்னகி, ரொக்ஃபெல்லர், வாண்டர்பில்ட் என்னும் பெயர்களை எம் மாணவரும் தடையின்றி ஒப்புவிப்பர். முதலுக்கு உரியவரை நாம் அறிவோம்; வினைமுதலாய் நின்றவரை அறியோம்.

அவர்கள் யாவர்? 1881 முதல் 1890 வரையிலான பத்தே ஆண்டுகளில் 52 இலட்சம் பேர் அந்நாட்டில் வந்திறங்கினர். அயர்லாந்தினரும் ஜேர்மானியரும் ஸ்கந்திநேவியரும் முன்னரே வரத் தொடங்கியிருந்தனர். இத்தாலியரும் போலந்தினரும் ருஷ்ய ஆட்சியின் கொடுமைக்குத் தப்பிய யூதரும் பின்னர் பெருந்தொகையாக வந்தனர். நிலமற்ற உழவரும், இயந்திரத்தால் தொழிலிழந்த கைவினைஞரும் இவர்களுட் பலர். 1890ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி, சிக்காகோ வாசிகளில் நூற்றுக்கு 41 பேர் பிற நாட்டிற் பிறந்தவர்கள். அவர்கள்தம் பிள்ளைகளையும் சேர்த்தெண்ணினால், அந்நகரமே வந்தேறிகளின் நகரம் எனலாம்.

நகரத்தைக் கட்டியவருக்கு நகரம் கொடுத்த இடம் எத்தகையது? நியூயோர்க் நகரின் கீழ்க் கிழக்குப் பகுதியிலே ஐந்தாறு மாடிகள் கொண்ட வாடகைக் குடியிருப்புகள் தோளோடு தோள் ஒட்டி நின்றன. ஒவ்வோர் அறைக்கும் சாளரம் வேண்டுமென்று 1879இல் ஒரு சட்டம் விதித்தது. வீட்டுடைமையாளர் சட்டத்தை மீறவில்லை. அதனையும் இலாபத்துக்கேற்ப வளைத்துக்கொண்டனர். இரு கட்டடங்களுக்கிடையே ஒடுங்கிய குழாய் போன்ற ஓர் இடைவெளியை விட்டு, அதனை நோக்கிச் சாளரங்களைத் திறந்தனர். ஒளிக்கும் காற்றுக்குமென விடப்பட்ட அவ்விடைவெளி, விரைவிலேயே குப்பைக் கிடங்காயிற்று. தீப்பற்றிய வேளைகளில் நெருப்பு மேலேறும் புகைபோக்கியுமாயிற்று. குடும்பம் உண்டு உறங்கிய அறையே பகலில் தையற்கூடமாகவும் இருந்தது. முடித்த துண்டுக்கு இவ்வளவு எனக் கூலி பெற்றுத் தாயும் பிள்ளைகளும் அங்கே ஆடை தைத்தனர். டென்மார்க்கிலிருந்து வந்து வறுமையில் உழன்று பின்னர் பத்திரிகையாளரான ஜேக்கப் ரீஸ், இருண்ட இவ்வறைகளைப் படம்பிடித்து 1890இல் நூலாக வெளியிட்டபோதுதான், மறுபாதி நகரம் இவற்றை ஏறிட்டுப் பார்த்தது.

இவ்வாழ்வின் நடுவிலிருந்தே எட்டு மணி நேர வேலை என்னும் கோரிக்கை பிறந்தது. 1886ஆம் ஆண்டு மே முதலாந் திகதி நாடெங்கும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் வேலையை நிறுத்தினர் என்பர். மூன்றாந் திகதி சிக்காகோவில் மக்கோர்மிக் அறுவடை இயந்திரத் தொழிற்சாலையின் வாயிலில் பொலிசார் தொழிலாளரைச் சுட்டனர். அதனைக் கண்டிக்க மறுநாள் மாலை ஹேமார்க்கெட் என்னுமிடத்திற் கூட்டம் கூடிற்று. அதனை அறிவித்த துண்டுப்பிரசுரம் ஆங்கிலத்தில் மட்டுமன்றி ஜேர்மன் மொழியிலும் அச்சிடப்பட்டிருந்தது. மொழி வேறாயினும் வயிறு வேறன்று என உணர்ந்தவர்கள் செய்த வேலை அது. கூட்டம் கலையும் தறுவாயில் பொலிசார் அணிவகுத்து வந்தனர். எங்கிருந்தோ ஒரு குண்டு வீசப்பட்டது. பொலிசார் எழுவர் மாண்டனர். அவர்கள் சுட்டதிற் பொதுமக்களும் இறந்தனர்.

குண்டை எறிந்தவர் யாரென்பது இன்றுவரை துணியப்படவில்லை. ஆயினும் எண்மர் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். குண்டு வெடித்தபோது அவர்களுட் பெரும்பாலோர் அவ்விடத்தில் இருக்கவுமில்லை. பேசியதும் எழுதியதுமே அவர்கள்மீது சாட்டப்பட்ட குற்றத்தின் சாரம். எண்மருள் ஐவர் ஜேர்மனியிற் பிறந்தவர். ஒருவர் இங்கிலாந்திற் பிறந்தவர். அந்நியர் கொண்டுவந்த நச்சு விதை என்று செய்தித்தாள்கள் முழங்கின. ஆலைக்கு ஆள் வேண்டியபோது வரவேற்கப்பட்டவன், உரிமை கேட்டவுடன் அந்நியனானான். ஸ்பைஸ், பார்சன்ஸ், பிஷர், ஏங்கல் ஆகிய நால்வரும் 1887 நவம்பர் 11ஆந் திகதி தூக்கிலிடப்பட்டனர். லிங் என்பவர் முதல் நாளே சிறையில் உயிர் துறந்தார். எஞ்சிய மூவரையும் 1893இல் விடுவித்த இலினோய் ஆளுநர் ஓல்ட்கெல்ட், விசாரணை நீதியானதன்று என எழுதி வைத்தார். அவரும் ஜேர்மனியிற் பிறந்தவரே. 1889இல் பாரிசிற் கூடிய சர்வதேச மாநாடு, அடுத்த ஆண்டு மே முதல் நாளை உலகத் தொழிலாளரின் ஆர்ப்பாட்ட நாளாகக் குறித்தது. அதன்வழி வந்ததே கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் நாம் கொடி பிடித்து நடக்கும் மே தினம்.

இவ்வளவோடு பாடத்தை நிறுத்திவிடலாம். மாணவர் நெஞ்சில் கனல் மூளும். ஆனால் சரித்திரம் இங்கே நிற்கவில்லை.

சிக்காகோ நிகழ்ச்சிக்கு எட்டு மாதங்கட்கு முன், 1885 செப்டெம்பர் 2ஆந் திகதி, வயோமிங்கிலுள்ள ரொக் ஸ்பிறிங்ஸ் என்னும் நிலக்கரிச் சுரங்க ஊரில், 28 சீனத் தொழிலாளர் கொல்லப்பட்டனர். அவர்தம் குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. கொன்றவர் யார்? முதலாளிகளல்லர், பொலிசாருமல்லர். அதே சுரங்கத்தில் வேலை செய்த வெள்ளைத் தொழிலாளர். அவர்களிற் பலரும் ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறியவர்களே. எவரும் தண்டிக்கப்படவில்லை. கம்பனி, படையினரின் காவலோடு சீனரை மீண்டும் சுரங்கத்தில் இறக்கிற்று.

இப்பகுதியைச் சொன்னபோது ஒரு மாணவி எழுந்து, "கொன்றவர்களும் தொழிலாளர்கள்தாமா, சேர்?" என்று கேட்டாள். ஆம் என்றேன். அவள் மேலும் ஏதோ கேட்க நினைத்துப் பின் அமர்ந்துவிட்டாள். இதனைக் கேள்வியுற்ற நண்பரொருவர், முற்போக்கு எண்ணமுடையவர், என்னைக் கடிந்தார். "இளம் உள்ளங்களில் ஐக்கியத்தை வளர்க்க வேண்டிய நீர், இதைச் சொல்லி நம்பிக்கையைக் குலைப்பதேன்?" என்பது அவர் வாதம்.

அவருடைய நல்லெண்ணத்தை நான் ஐயுறவில்லை. ஆனால், பாதைகள் இடப்பட்டன என்று எழுதியவரிடம் இட்டவர் யார் என்று கேட்கும் நாம், சீனர் கொல்லப்பட்டனர் என்பதோடு எப்படி அமைய முடியும்? ஆக்கத்தில் வினைமுதலைத் தேடுபவன் அழிவிலும் தேடவேண்டும். நமக்கு உவப்பான இடத்தில் மட்டும் செய்தவன் பெயரைச் சொல்வது, நாம் கண்டிக்கும் நூலாசிரியரின் இலக்கணத்தை நாமே கைக்கொள்வதாகும்.

அன்றியும், பெயரைச் சொன்னாலன்றோ காரணத்தைக் காணலாம்? கீழை மேலைக் கரைகளை இணைத்த புகையிரதப் பாதையின் மேற்குப் பகுதியை 1869இல் முடித்தவர்களிற் பெரும்பான்மையோர் சீனர். இரு பாதைகளும் சந்தித்த நாளில் எடுத்த புகழ்பெற்ற புகைப்படத்தில் அவர்தம் முகம் காண்பதரிது. வெள்ளைத் தொழிலாளருக்குக் கூலியோடு உணவும் உறைவிடமும் கொடுத்த கம்பனி, சீனரைத் தம் கூலியிலேயே உண்ணச் செய்தது. 1867இல் சம கூலி கேட்டு ஆயிரக்கணக்கான சீனர் வேலையை நிறுத்தியபோது, மலையிலிருந்த அவர்களுக்கு உணவு செல்வதையே கம்பனி தடுத்துப் பணியவைத்தது. ரொக் ஸ்பிறிங்ஸ் சுரங்கத்திலோ 1875இல் வேலைநிறுத்தத்தை முறிக்கவே சீனர் முதலிற் கொண்டுவரப்பட்டனர். குறைந்த கூலியை விதித்தவனை விட்டுவிட்டு, குறைந்த கூலியை ஏற்கவேண்டியிருந்தவனைப் பகைவனாகக் கண்டனர் வெள்ளைத் தொழிலாளர். சீனத் தொழிலாளர் நுழைவதை 1882ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தபோது, தொழிற்சங்கத் தலைவர்களும் அதனை ஆதரித்தனர். இலண்டனிற் பிறந்து குடியேறிய சுருட்டுத் தொழிலாளியும், அமெரிக்கத் தொழிற் சம்மேளனத்தின் முதல் தலைவருமான கொம்பர்ஸ் அவர்களுள் முக்கியமானவர். அச்சட்டம் நீங்க 1943 வரை செல்ல வேண்டியிருந்தது. நீங்கிய பின்னரும் ஆண்டுக்கு 105 சீனருக்கே இடமளிக்கப்பட்டது.

ஆக, ஒரே பத்தாண்டில், ஒரே நாட்டில், ஒரே வர்க்கத்தினர் இரு வேறு வழிகளிற் சென்றனர். ஓரிடத்தில் இரு மொழிகளில் ஓர் அழைப்பை அச்சிட்டனர். மற்றோரிடத்தில் அயலான் குடிசைக்குத் தீயிட்டனர். வறுமை தானாகவே மனிதரை ஒன்றுபடுத்தும் என்பது பொய். ஐக்கியம் மழைபோல் வானத்திலிருந்து விழுவதன்று; யாரேனும் முயன்று அதனைச் செய்யவேண்டும். செய்யாதவிடத்து வேறெவனோ பகையைச் செய்துவிடுவான்.

இரண்டையும் நான் ஒரே பாடத்திலேதான் கற்பிக்கிறேன். தூக்குமேடையேறிய நால்வரின் பெயரையும் கரும்பலகையில் எழுதுகிறேன். அதன் கீழே 28 என்னும் இலக்கத்தையும் எழுதுகிறேன்.