போயிட்டு வரேன்

நாத்து நட்ட அன்னிக்கு ராத்திரி, மகனோட செல்போன்ல 'டெர்மினேட்டர்' பார்த்தேன். 1984-ல வந்த படம். போலீஸ் ஸ்டேஷன்ல அர்னால்டு, 'ஐ வில் பி பேக்'னு சொல்லிட்டுப் போறார்.

"பேக்னா முதுகுதானேடா?"

"திரும்பி வருவேன்னு அர்த்தம்ப்பா."

அட, நம்ம 'போயிட்டு வரேன்'! நம்ம பக்கம் யாரும் 'போறேன்'னு சொல்ல மாட்டோமே. ஆனா அவர் சொன்னது மிரட்டல், நாம சொல்றது வாக்கு. அவரு சொன்னபடியே காரோட வாசலை இடிச்சுக்கிட்டு வந்துட்டார்.

போன வாரம் மகன் சென்னைக்கு வேலைக்குக் கிளம்பினான். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுல, படிக்கட்டுல நின்னுக்கிட்டு, "அப்பா, ஐ வில் பி பேக்"னு சிரிச்சான். நானும் சிரிச்சேன்.

இன்னிக்கு களை எடுக்க ஆளில்லாம வரப்புல நிக்கறப்பதான் யோசிக்கிறேன். அவன் சொன்னது சினிமா வசனமா, நம்ம வசனமா?