பிராஞ்சைத் தொடாத அதிகாரி

மாவட்டத் தலைமைத் தீயணைப்பு நிலையத்தின் பின்புறம், இடிக்கப்போகும் பழைய குடியிருப்பு ஒன்று. மாடியில் ஈர வைக்கோலைப் புகையவிட்டு, மணல் அடைத்த சாக்கு ஒன்றை உள்ளறையில் கிடத்தியிருந்தார்கள். அதைத்தான் மீட்க வேண்டும். புதிதாகப் பொறுப்பேற்ற நிலைய அலுவலர்களுக்கு, ஆட்களை வேலை வாங்கும் பயிற்சி.

வண்டி சைரனோடு வந்து நின்றது. இளம் அலுவலர் ஒருவர் குதித்து இறங்கினார். வீரரின் கையிலிருந்து பிராஞ்சை, அதாவது தண்ணீர் பீய்ச்சும் குழாய் முனையை, வாங்கிக்கொண்டு புகைக்குள் ஓடினார். எனக்கு அது வீரமாகத்தான் தெரிந்தது. பயிற்சி கொடுத்த உதவி மாவட்ட அலுவலர் விசில் அடித்து நிறுத்தினார்.

"நீங்க பிராஞ்சைப் பிடிச்சா உங்க வேலையை யாரு சார் பார்ப்பாங்க?"

தனக்குக் கீழே உள்ளவரை 'சார்' போட்டே திட்டினார். அதுவும் பாடத்தில் சேர்த்திதான் போலும்.

அடுத்த முறை அந்த இளைஞர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். புகை எந்த ஜன்னலில் தள்ளுகிறது, சுவரில் விரிசல் உண்டா, மின் இணைப்பைத் துண்டித்தாயிற்றா, பின்வாசல் திறக்குமா? பார்க்க எளிதாக இருக்கிறது. ஆனால் வருடக்கணக்கில் தண்ணீர் அடித்துப் பழகிய கை சும்மா இருக்குமா? அவர் விரல்கள் ஒன்றையொன்று பிசைந்துகொண்டே இருந்தன.

கணக்கும் அவர் தலையில்தான். வண்டியில் 4,500 லிட்டர் தண்ணீர். ஒரு பிராஞ்ச் நிமிடத்துக்கு 450 லிட்டர் கொட்டினால் பத்தே நிமிடம். இரண்டு பிடித்தால் ஐந்து. அடுத்த லாரியை எப்போது கூப்பிடுவது என்பதை முதல் நிமிடத்திலேயே முடிவு செய்தாக வேண்டும்.

வாசலில் ஒருவர் சிலேட்டும் கையுமாக நின்றார். சுவாசக் கருவி மாட்டி உள்ளே போகிறவரின் பெயர், நுழைந்த நேரம், சிலிண்டர் அழுத்தம் மூன்றையும் சாக்பீஸால் எழுதினார். நிறைத்த சிலிண்டரில் 300 பார். ஏறி இறங்கி மூச்சிரைத்தால் காகிதத்தில் போட்ட கணக்குக்கு முன்பே தீர்ந்துவிடும். 50 பாரை நெருங்கும்போது கருவியே விசிலடிக்கும். "விசில் கேட்டுத் திரும்பக் கூடாது. விசிலடிக்கும்போது ஆள் வாசல்ல இருக்கணும்" என்றார் சிலேட்டுக்காரர். முன்னணித் தீயணைப்போரான அவர், நான் குறுக்கே நின்று கேள்வி கேட்டதை ரசிக்கவில்லை.

இவ்வளவு பிடிவாதம் எதற்கு? 2020 தீபாவளியன்று மதுரையில் பழைய கட்டடத்தில் இயங்கிய ஜவுளிக்கடையில் தீயை அணைக்கப் போன இரண்டு வீரர்கள் இடிபாட்டில் சிக்கி இறந்தார்கள். 2017 ஜூலையில் சென்னை கொடுங்கையூர் பேக்கரி தீயில் எரிவாயு சிலிண்டர் வெடித்து ஒரு வீரர் உயிரிழந்தார். வேடிக்கை பார்க்க வந்த கூட்டமும் கருகியது.

இன்னும் பழைய பாடம் ஒன்று உண்டு. 1944 ஏப்ரல் 14, பம்பாய்த் துறைமுகம். பஞ்சும் வெடிமருந்தும் ஏற்றிவந்த ஃபோர்ட் ஸ்டிகின் கப்பலில் புகை. கப்பலை மூழ்கடிப்பதா, கடலுக்கு இழுத்துச் செல்வதா என்று ஆளுக்கொன்று பேசினார்கள். உத்தரவு போட ஒருவரும் இல்லை. மாலை 4.06-க்கு வெடித்தது. இறந்த தீயணைப்பு வீரர்கள் மட்டும் 66 பேர். ஆண்டுதோறும் ஏப்ரல் 14-இல் நாம் அனுசரிக்கும் தீத்தொண்டு நாள் அவர்கள் நினைவாகத்தான்.

அன்றைய பயிற்சியில் எனக்கு மிகவும் பிடித்தது கடைசி அரைமணி நேரம். வேப்பமரத்தடியில் பெஞ்சு போட்டு எல்லோரும் உட்கார்ந்தார்கள். "நீங்க ரெண்டு பேரை ஒரே ஏணிக்கு அனுப்பினீங்க சார்" என்று ஒரு வீரர் தன் அதிகாரியிடமே சொன்னார். அலுவலர் முகம் சுருங்கியது, ஆனாலும் குறித்துக்கொண்டார். சீருடைத் துறையில் இது சின்ன விஷயமல்ல. நிஜத் தீக்குப் பிறகும் இப்படி உட்கார்ந்து பேசுவதை ஒவ்வொரு நிலையத்திலும் கட்டாயமாக்க வேண்டும். தவறைச் சொன்னால் மெமோ வரும் என்ற பயம் இருக்கும்வரை வகுப்புகளால் பெரிய பயனில்லை.

நமக்கும் இதில் வேலை இருக்கிறது. தீப்பிடித்த இடத்தில் தொப்பி போட்ட ஒருவர் குழாயைத் தொடாமல் நிற்பதைப் பார்த்து, "சும்மா நிக்கிறான் பாரு" என்று செல்போனில் படம் பிடிக்காதீர்கள். உள்ளே எத்தனை பேர், எரிவாயு சிலிண்டர் எங்கே இருக்கிறது, இந்த இரண்டையும் அவரிடம் சொல்லிவிட்டு, வண்டி வர வழிவிட்டுத் தள்ளி நில்லுங்கள்.